அயர்லாந்தில் அரசுப் பணம் எங்கே போகிறது, யார் கணக்குக் கேட்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. டப்ளினுக்குப் புதிதாக வந்த நர்ஸ்கள், ஐ.டி. பிள்ளைகள், ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் என எல்லோரும் செய்தியில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதினேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். தொகைகள் யூரோவில், நம் லட்சம் கோடிக் கணக்கில். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது அவரவர் நெஞ்சுரத்தைப் பொறுத்தது.

அண்ணா, ஒரு சைக்கிள் ஷெட்டுக்கு 3 லட்சம் யூரோவாமே, நெஜமாவா?

நிஜம்தான். 3,36,000 யூரோ. நாடாளுமன்றம் இருக்கும் லென்ஸ்டர் ஹவுஸ் வளாகத்தில் 18 சைக்கிள் நிறுத்துவதற்காக, ஓ.பி.டபிள்யூ. என்கிற பொதுப்பணி அலுவலகம் கட்டியது. சைக்கிள் ஒன்றுக்கு 18,600 யூரோவுக்கு மேல் ஆகிறது. 2024 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது.

செய்தியில் வந்த ஷெட் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். எஃகுச் சட்டம், மேலே கண்ணாடிக் கூரை, பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை. டப்ளின் மழை நேராக விழுகிற மழை இல்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை. சீட் நனையத்தான் செய்யும். பில்லில் கட்டுமானத்துக்கு 3,22,000 சொச்சம், கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடும் நிபுணருக்கு 10,000 சொச்சம், மிச்சம் தொல்லியல் ஆய்வுக்கு. பழைய வளாகத்தில் மண்ணைத் தோண்டினால் தொல்லியல் ஆள் இருந்தே ஆக வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தத் தொகையைக் கடைசியில் அந்த அலுவலகத்தாலேயே நியாயப்படுத்த முடியவில்லை.

ஒரு ஷெட்டுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? கோடிக்கணக்குல போறதை யாரும் கேக்கலையே?

சரியான கேள்வி. 2025 பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 10,500 கோடி யூரோ. அதில் ஷெட் ஒரு தூசு. ஆனால் ஷெட் என்றால் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். கடையில் விசாரித்திருப்பார்கள், சிலர் தாங்களே போட்டிருப்பார்கள். 224 கோடியில் ஓர் ஆஸ்பத்திரி என்றால் அது அதிகமா குறைவா என்று யாருக்கு அளக்கத் தெரியும்?

இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்று. இந்த நாடு காசு போனபின் கேள்வி கேட்பதில் கெட்டி. போகும் முன் கேட்பதில்தான் சறுக்கல். கீழே வரும் கதைகள் பாதிக்கு மேல் அதுதான்.

யார் கையெழுத்து போட்டா காசு வெளிய வரும்?

பட்ஜெட் அக்டோபரில் வரும். ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு என்று டால், அதாவது நாடாளுமன்றக் கீழவை, தனித்தனியாக ஓட்டுப்போட்டு ஒதுக்கும். அதன்பின் முக்கியமானவர் மந்திரி இல்லை, துறைச் செயலாளர். 'கணக்கு அதிகாரி' என்ற முறையில் அந்தத் துறையின் ஒவ்வொரு காசுக்கும் அவர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். மந்திரி முறைகேடாக ஏதாவது செலவு செய்யச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தணிக்கையாளருக்கும் தெரியப்படுத்துவது அவர் கடமை. காகிதத்தில் படிக்க அருமையாக இருக்கும்.

ஆடிட் பண்றது யாரு? நம்ம ஊர் சி.ஏ.ஜி. மாதிரியா?

ஏறக்குறைய அதேதான், பெயர்கூட ஒன்றுதான். பதவி அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவில் இருக்கிறது. டாலும் செனட்டும் தீர்மானம் போட்டாலொழிய அவரை நீக்க முடியாது. ஷேமஸ் மெக்கார்த்தி 2012-இல் பதவிக்கு வந்தார். காசு பெறுமானத்துக்குச் செலவானதா என்று அவர் ஆராயலாம். 'இந்தக் கொள்கையே தப்பு' என்று மட்டும் சொல்லக் கூடாது.

அவர் கை எட்டாத இடங்களும் உண்டு. கவுண்டி கவுன்சில்களுக்கு வேறு தணிக்கைத் துறை. மின்வாரியம் மாதிரியான வணிக நிறுவனங்கள் அவர் வளையத்துக்கு வெளியே. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யும் 2023-இல் வெளியேதான் இருந்தது. அதன் பலன் கீழே வருகிறது.

டி.வி.ல பி.ஏ.சி.னு ஒண்ணு காட்டுறாங்களே, அது கோர்ட்டா?

கோர்ட் இல்லை. பொதுக் கணக்குக் குழு. டால் உறுப்பினர்கள் உட்கார்ந்து தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளை வறுத்தெடுப்பார்கள். தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வருவது மரபு. பார்க்கக் கோர்ட் மாதிரி இருந்தாலும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அறிக்கை எழுதலாம், சிபாரிசு செய்யலாம், நாலு பேர் முன்னால் முகம் சிவக்க வைக்கலாம். அவ்வளவுதான்.

அப்போ யாரையும் தண்டிக்கவே மாட்டாங்களா? இதென்ன நியாயம்?

இதற்குப் பதில் சொல்ல 1969-க்குப் போக வேண்டும். வடக்கு அயர்லாந்தில் கலவரம். அங்கே வீடிழந்தவர்களுக்கு நிவாரணம் என்று அரசு 1,00,000 பவுண்டு ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி ஆயுதம் வாங்கும் முயற்சிக்குப் போனதாகக் குற்றச்சாட்டு கிளம்பியது. 1970-இல் நிதியமைச்சர் சார்ல்ஸ் ஹாஹியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கோர்ட் அவரை விடுவித்தது, பின்னாளில் பிரதமராகவே ஆனார். அந்தப் பணம் எங்கே போனது என்று தேடியது இதே பி.ஏ.சி.தான். மூன்றில் ஒரு பங்கு நிவாரணத்துக்குப் போனதைக்கூட அவர்களால் உறுதி செய்ய முடியவில்லை.

அந்த விசாரணையில் அமைச்சரின் தம்பி பதில் சொல்ல மறுத்தார். ஆறு மாதம் சிறை என்றது உயர் நீதிமன்றம். 1971-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: ஒருவரின் நற்பெயருக்குக் குந்தகம் வரும் விசாரணை என்றால் வக்கீல் வைத்துக்கொள்ளவும், குறுக்குக் கேள்வி கேட்கவும் அவருக்கு உரிமை வேண்டும் என்றது. இன்றைக்கும் ஒவ்வொரு விசாரணைக் குழுவும் இந்தத் தீர்ப்பைப் பார்த்துத்தான் காலடி வைக்கிறது. 2011-இல் நாடாளுமன்றக் குழுக்களுக்கு முழு விசாரணை அதிகாரம் தரலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். ஜனங்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். 2019-இல் இன்னொரு அடி: அரசு நிதி பெற்ற ரீஹேப் என்ற தொண்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை 2014-இல் மணிக்கணக்கில் கேள்வி கேட்ட விதத்தில் பி.ஏ.சி. தன் வரம்பை மீறிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசியல்வாதிகளே நீதிபதிகளாகவும் ஆகிவிடக் கூடாது என்று இந்த நாடு தெரிந்தே வைத்த தடுப்பு அது. அதற்கான விலை, பல விவகாரங்கள் ராஜினாமாவோடு முடிந்துபோவது.

குழந்தைங்க ஆஸ்பத்திரி கதைய யாராவது ஒழுங்கா சொல்லுங்களேன்.

முதலில் மேட்டர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கட்டுவதாக இருந்தது. 2012-இல் திட்ட அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு செயின்ட் ஜேம்ஸ் வளாகம். 2017-இல் அரசு ஒப்புதல் தந்தபோது 98.3 கோடி. 2018 முடிவதற்குள் 143.3 கோடி. 2024 பிப்ரவரியில் 224 கோடி. திறப்பு தேதி எத்தனை தடவை தள்ளிப்போனது என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

எங்கே ஓட்டை? ஒப்பந்தத்தை இரண்டு கட்டமாகக் கொடுத்ததில். வரைபடம் முழுதாக முடியும் முன்பே, உத்தேச அளவுகளை வைத்து டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். விரிவான வரைபடம் வந்தபின் 'இதற்குமேல் போகாது' என்று ஒரு விலையைப் பேசி முடிப்பது திட்டம். வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேஸ்திரி பாதி வேலையில் இருக்கும்போது ஜன்னல் எத்தனை என்று முடிவு செய்தால் பேரம் யார் கையில் இருக்கும்? ஒயர் இவ்வளவு, குழாய் இவ்வளவு என்று உண்மையான கணக்கு வந்தபோது தொகை எகிறியது. அப்போது வேலையை நிறுத்தி மறுபடி டெண்டர் விடுவது அதைவிடச் செலவு.

2019-இல் பி.டபிள்யூ.சி. என்ற ஆலோசனை நிறுவனம் தந்த அறிக்கை இதையெல்லாம் எழுதியது. திட்டக் குழுவின் தலைவர் அந்தப் பிப்ரவரியிலேயே விலகினார். அதற்குப் பின்னும் எந்த அறை முடிந்தது, எது முடியவில்லை என்று குழுவும் கட்டுமான நிறுவனமும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் இப்பதான் ஆரம்பிச்சதா?

இல்லை. 2002 தேர்தலில் மூன்று தொகுதிகளில் மின்னணு ஓட்டு மெஷினைச் சோதித்துவிட்டு, நாடு முழுவதற்கும் சுமார் 7,500 மெஷின் வாங்கினார்கள். காகிதச் சீட்டு வராது என்பதால் எண்ணிக்கை சரியா என்று சரிபார்க்க வழியில்லை. 2004-இல் ஒரு ஆணையம் இதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றது. வருஷக்கணக்கில் வாடகை கொடுத்துக் கிடங்கில் வைத்திருந்து, 2012-இல் காயலான் கடைக்கு மெஷின் ஒன்று 9.30 யூரோ வீதம் போட்டார்கள். வந்தது 70,267 யூரோ. போனது 5 கோடிக்கு மேல். இன்றும் இங்கே ஓட்டு பென்சிலால்தான்.

2018-இல் நாடாளுமன்றத்துக்கு ஓர் அச்சு இயந்திரம் வாங்கினார்கள், 8,08,000 யூரோ. வாங்க முடிவு செய்த பிறகுதான் கட்டடத்துக்குள் உயரம் பத்தாது என்று தெரிந்தது. மெஷினுக்கு 3.1 மீட்டர் வேண்டும். கட்டடத்தை இடித்து மாற்றிக் கட்டினார்கள். அளவு டேப் என்ன விலை என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஆர்.டி.இ.ல என்னதான் நடந்துச்சு? நான் லைசென்ஸ் கட்டணுமா?

கட்ட வேண்டும், டி.வி. லைசென்ஸ் வருஷம் 160 யூரோ, சட்டம் அப்படி. 2023 ஜூனில், நட்சத்திரத் தொகுப்பாளர் ரையன் டப்ரிடிக்குக் கொடுத்த சம்பளத்தை 2017 முதல் 2022 வரை 3,45,000 யூரோ குறைத்துக் காட்டியது தெரியவந்தது. தலைமை இயக்குநர் டீ ஃபோர்ப்ஸ் விலகினார். விளம்பர நேரத்தைப் பண்டமாற்றாகக் கொடுத்து நடத்திய ஒரு தனிக் கணக்கு வெளியே வந்தது. அதில் ஒரு விருந்துக்கு வாங்கிய 200 ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தது. மறுபடி பாருங்கள், ஜனங்களுக்கு நினைவில் நின்றது செருப்பு. லட்சக்கணக்கானோர் பார்த்த பி.ஏ.சி. கூட்டம் அதுதான். பலர் லைசென்ஸ் கட்டுவதை நிறுத்தினார்கள். 2024-இல் அரசு ஆர்.டி.இ.க்கு மூன்றாண்டுக்கு 72.5 கோடி தர முடிவு செய்தது.

நான் சிட்டிசன் இல்ல. எனக்குக் கணக்கு கேக்க உரிமை இருக்கா?

இருக்கிறது. நம் ஊர் ஆர்.டி.ஐ. குடிமக்களுக்கு மட்டும். இங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் 15 யூரோ வாங்கினார்கள், 2014-இல் எடுத்துவிட்டார்கள். நாலு வாரத்தில் பதில் வர வேண்டும். திருப்தி இல்லை என்றால் உள் மறுபரிசீலனைக்கு 30 யூரோ, தகவல் ஆணையரிடம் போக 50.

நான் ஒருமுறை ஒரு கவுன்சிலிடம் எங்கள் பகுதி விளையாட்டுத் திடலைச் சீரமைத்த செலவைக் கேட்டேன். சரியாக நாலாவது வாரம் மின்னஞ்சல் வந்தது. மூன்று பக்கம், அதில் பாதி கறுப்புப் பட்டை, 'வணிக ரகசியம்'. ஊஞ்சலின் விலையில் என்ன வணிக ரகசியம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கீழே மொத்தத் தொகையை மட்டும் மறைக்க மறந்திருந்தார்கள்.

உள்ள வேலை பாக்குறவங்க சொன்னா பாதுகாப்பு உண்டா?

சட்டம் 2014-இல் வந்தது. அது வந்ததற்கு ஒரு காரணம் மாரிஸ் மெக்கேப் என்ற கார்டா, அதாவது போலீஸ், சார்ஜென்ட். போக்குவரத்து அபராதப் புள்ளிகளைத் தெரிந்தவர்களுக்காக ரத்து செய்கிறார்கள் என்று சொன்னவர். அரசுக்கு வர வேண்டிய பணம் என்பதால் இதுவும் பி.ஏ.சி.க்கு வந்தது. 2014 ஜனவரியில் அப்போதைய போலீஸ் ஆணையர் அந்தக் குழுவின் முன்னாலேயே, இப்படி வெளியே சொல்பவர்களின் செயல் அருவருப்பானது என்றார். மார்ச்சில் ஆணையர் போனார், மே மாதம் நீதித்துறை அமைச்சர் போனார். 2018-இல் விசாரணைத் தீர்ப்பாயம் மெக்கேப் நேர்மையானவர், அவர்மேல் அவதூறு பரப்பினார்கள் என்றது. அந்த மனிதர் இடையில் பட்ட வருஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை. சட்டம் உண்டு, தைரியமும் வேண்டும் என்பதே என் பதில்.

'பாதுகாப்பு'ன்னு சொல்லிட்டா கேள்வி கேக்க முடியாதுல்ல?

கஷ்டம்தான். மேலே சொன்ன தகவல் உரிமைச் சட்டத்திலேயே நாட்டுப் பாதுகாப்புக்கு விலக்கு இருக்கிறது. 'ரகசியச் சேவை' என்ற பெயரிலேயே பட்ஜெட்டில் ஒரு தனி வரி உண்டு, அண்மை ஆண்டுகளில் சுமார் 20 லட்சம். அதற்கு ரசீது வெளியே வராது. சம்பந்தப்பட்ட அமைச்சர் சான்றளித்தால் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார்.

ஷெட் விவகாரம் வெடித்த சில வாரத்தில், அரசு அலுவலக வளாகத்தில் ஒரு காவலர் கூண்டுக்கு 14 லட்சம் ஆனது தெரியவந்தது. ஷெட்டை விட நாலு மடங்கு. ஆனால் பாதுகாப்பு என்ற சொல் இருந்ததால் கூச்சல் குறைவு. 1969-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், ரகசியமும் ரொக்கமும் சேரும் இடத்தில்தான் தணிக்கை திணறுகிறது.

அயர்லாந்துக்கு ராணுவம்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது, சிறியது. 9,500 பேர் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 7,500 பேர். போர் விமானம் கிடையாது. கடற்படைக்குக் கப்பல் இருக்கிறது, ஓட்ட ஆள் பத்தாமல் பாதி துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அடையாளக் கருவியை அணைத்துவிட்டு வரும் விமானத்தைக் காட்டுகிற ராணுவ ரேடார் கிடையாது. 2025 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 135 கோடி, உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதச் சொச்சம். பன்னாட்டுக் கம்பெனிகள் இந்த ஜி.டி.பி.யை ஊதிப் பெருக்கிக் காட்டுவதால் சதவீதம் இன்னும் சின்னதாகத் தெரியும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஐரோப்பாவில் கடைசி வரிசைதான்.

நடுநிலை நாடு, யார் வரப்போகிறார்கள் என்பது பழைய எண்ணம். ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கும் இணையக் கேபிள்கள் இந்தக் கடல் வழியாகவோ ஓரமாகவோ போகின்றன. 2024 நவம்பரில் யான்டார் என்ற ரஷ்யக் கப்பல் ஐரிஷ் கடலில் சுற்றியபோதுதான் பலருக்கு உறைத்தது. 2025-இல் கப்பல் இழுத்துச் செல்லும் சோனார் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். ரேடாருக்கும் ஏற்பாடு நடக்கிறது.

ரஷ்யக் கப்பலை மீனவங்க விரட்டினாங்கன்னு சொல்றாங்களே, கதையா?

கதை இல்லை, ஆனால் 'விரட்டினார்கள்' என்பது கொஞ்சம் மிகை. 2022 ஜனவரியில் தென்மேற்குக் கரையிலிருந்து 240 கிலோமீட்டரில் பீரங்கிப் பயிற்சி நடத்தப்போவதாக ரஷ்யா அறிவித்தது. அது மீன்பிடி இடம். காசல்டவுன்பியர் மீனவர் சங்கத்தார், நாங்கள் வழக்கம்போல் வலை போடத்தான் போவோம் என்றார்கள். ரஷ்யத் தூதரைப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் ரஷ்யா பயிற்சியை அயர்லாந்தின் கடல் பொருளாதார எல்லைக்கு வெளியே மாற்றிக்கொண்டது. ஊரே சிரித்துக் கொண்டாடியது. நானும் சிரித்தேன். ஒரு நாட்டின் கடல் பாதுகாப்பை மீன் பிடிப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததே என்பது மறுநாள்தான் தோன்றியது.

2021 ஹேக்குக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 2021 மே 14 அதிகாலை, அரசு சுகாதாரச் சேவையான எச்.எஸ்.இ.யின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேட்கும் கான்டி என்ற ஹேக்கர் கும்பலின் வேலை. மார்ச் 18 அன்றே ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த எக்ஸெல் கோப்பைத் திறந்ததில் உள்ளே நுழைந்து, எட்டு வாரம் உலாவியிருக்கிறார்கள். அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த நம் தோழி சொன்னாள்: ரத்தப் பரிசோதனை முடிவைச் சீட்டில் எழுதி, ஆள் மாடி ஏறி இறங்கிக் கொண்டுவந்து கொடுப்பார், பெயர் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு பேர் நின்று பிறந்த தேதியைச் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்போம். ரொட்டுண்டா பிரசவ ஆஸ்பத்திரி 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் மட்டும் வரச் சொன்னது. பணம் கொடுக்கவில்லை என்றது அரசு. முடக்கத்தை அவிழ்க்கும் சாவியைக் கும்பலே ஆறு நாளில் கொடுத்துவிட்டது.

பிறகு வந்த அறிக்கையில், 30,000-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் காலாவதியான விண்டோஸ் 7-இல் ஓடியது தெரிந்தது. சைபர் பாதுகாப்புக்கென்று பொறுப்பான மூத்த அதிகாரி ஒருவர்கூட இல்லை. தேசிய சைபர் பாதுகாப்பு மையத்தில் 25 பேர். இயக்குநர் நாற்காலி ஒரு வருஷத்துக்கு மேல் காலி. அறிவித்த சம்பளம் 89,000 யூரோ, அதற்கு ஆள் வரவில்லை. ஹேக்குக்குப் பின் 1,84,000 வரை ஏற்றினார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது அந்த வித்தியாசம். மீட்புச் செலவு 10 கோடியைத் தொட்டது. பாதுகாப்பில் செலவழிக்காமல் விட்டதுதான் பெரிய செலவு, ஆனால் அது எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அந்த வருஷமே வராது.

ஆப்பிள் காசு வந்துச்சே, அப்பறம் என்ன குறை?

ஆப்பிளிடம் 1,300 கோடி வரியை வசூலிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2016-இல் சொன்னபோது, வேண்டாம் என்று வழக்காடியது அயர்லாந்து அரசே. 2024 செப்டம்பர் 10 அன்று தோற்றது, அதாவது ஜெயித்தது. வட்டியோடு 1,400 கோடி. அது ஒரு தடவை வந்த பணம். கம்பெனி வரியோ வருஷாவருஷம் கொட்டுகிறது, ஆனால் அதில் ஐந்தில் இரண்டு பங்கு மூன்றே கம்பெனிகளிடமிருந்து. மேலே கேட்டீர்களே, கோடிகளை ஏன் யாரும் கேட்கவில்லை என்று. கஜானா நிரம்பி வழியும்போது அளவு டேப்பைத் தேட யாருக்கும் தோன்றாது. 2008-க்குப் பின் வங்கிகளைக் காப்பாற்ற 6,400 கோடி போனதை நினைவு வைத்திருப்பவர்கள் மட்டும் கவலைப்படுகிறார்கள்.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் ஊழலா, இல்ல சும்மா அசட்டையா?

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் பையில் போட்டுக்கொண்டதாக நிரூபணம் இல்லை. ஷெட், அச்சு இயந்திரம், ஆஸ்பத்திரி எல்லாம் அசட்டை வகை. ஊழல் என்றால் ஒரு ஆளைத் தேடலாம். அசட்டையில் ஆள் அகப்பட மாட்டார். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் தமக்கு முன் போட்டவரைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். என்னைக் கேட்டால் இரண்டாவதைப் பிடிப்பதுதான் கஷ்டம். நம் ஆட்கள் பலர் இதில் ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும்.

நீங்களே பார்க்க வேண்டும் என்றால், பி.ஏ.சி. பொதுவாக வியாழக்கிழமை காலை கூடும், நாடாளுமன்றத் தளத்தில் நேரலை. தணிக்கையாளரின் ஆண்டறிக்கை செப்டம்பர் கடைசியில் வரும். முன்னுரையை விட்டுவிட்டு நேராக அத்தியாயங்களுக்குப் போங்கள்.